"இதுக்கு எம்புட்டுச் செலவு, டீச்சர்?" – தொலைநோக்கிக்குப் பக்கத்தில் நின்று அடிக்கடி கேட்கும் கேள்விகள்

யானைமலைக்கு அந்தப் பக்கம், மேலூர் ரோட்டிலிருந்து உள்ளே போகிற ஒரு கிராமத்துப் பள்ளியில் நான் இயற்பியல் டீச்சர். மாதத்தில் ஒரு சனிக்கிழமை, வானம் தெளிவாக இருந்தால், பள்ளி மைதானத்தில் தொலைநோக்கியை நிறுத்துவோம். பிள்ளைகளுக்காக ஆரம்பித்தது. இப்போது கூட வருகிற அப்பாக்களும் அப்பத்தாக்களும்தான் இடத்தைவிட்டு நகர மறுக்கிறார்கள். நிலாவின் பள்ளங்களைப் பார்த்து முடித்ததும் அவர்கள் கேட்பது நிலாவைப் பற்றி அல்ல, காசைப் பற்றி. அங்கே நின்றபடி சொன்ன பதில்களை வீட்டுக்கு வந்து எண்களைச் சரிபார்த்துத் திருத்தி எழுதியிருக்கிறேன். கேள்விகள் கேட்டவர்கள் வாயிலிருந்து வந்தபடியே இருக்கின்றன.

சந்திரயானுக்கு எம்புட்டு ஆச்சு?

2023 ஆகஸ்ட் 23 அன்று நிலாவில் இறங்கிய சந்திரயான்-3க்குச் சுமார் 615 கோடி ரூபாய். 2008இல் போன முதல் சந்திரயானுக்கு 386 கோடி. செவ்வாய்க்குப் போன மங்கள்யானுக்கு 450 கோடி.

ஆனால் ஒரு ராக்கெட்டின் விலையை மட்டும் பார்த்தால் கணக்கு புரியாது. மொத்தத் துறைக்கும் ஆகிற செலவைப் பார்க்க வேண்டும். 2025-26இல் விண்வெளித் துறைக்கு ஒதுக்கியது 13,416 கோடி. அதே வருஷம் மத்திய அரசின் மொத்த பட்ஜெட் ஏறக்குறைய 50.65 லட்சம் கோடி. நூறு ரூபாய்க்கு 26 காசு. 140 கோடிப் பேருக்குப் பங்கு போட்டால் வருஷத்துக்குத் தலைக்கு 96 ரூபாய். நம்ம ஊர்க் கடையில் ரெண்டு பரோட்டாவும் ஒரு ஆம்லெட்டும் சாப்பிட்டு எழுந்தால் அவ்வளவு ஆகிவிடும். சால்னா இலவசம்.

இன்னொரு ஒப்பீடும் சொல்வேன். 2023-24இல் டாஸ்மாக் மூலம் தமிழ்நாடு அரசுக்கு வந்த வருவாய் 45,855 கோடி. ஒரே ஒரு மாநிலத்தின் சாராய வருமானம், நாடு முழுவதற்குமான விண்வெளிச் செலவைப் போல மூன்று மடங்குக்கும் மேல். இதைச் சொன்னபோது பின்வரிசையில் நின்ற ஒரு அண்ணன் சிரித்துக்கொண்டே இருட்டுக்குள் நகர்ந்துவிட்டார்.

ஒன்று மட்டும். செலவு சின்னது என்பதாலேயே அது சரியான செலவு ஆகிவிடாது. வீணாகப் போனால் பத்து ரூபாயும் வீண்தான். அதனால் கீழே வருகிற பதில்களில், காசுக்கு என்ன வந்தது என்று பார்ப்போம்.

தோப்பூர்ல ஆஸ்பத்திரி கட்டக் காசில்லையாம், நிலாவுக்குப் போக மட்டும் எங்கிட்டிருந்து வருது?

மதுரையில் இந்தக் கேள்வி வராத கூட்டம் கிடையாது. கேட்கிறவர்களின் கோபம் நியாயமானது. மதுரைக்குப் பக்கத்துத் தோப்பூரில் வரவேண்டிய எய்ம்ஸ் ஆஸ்பத்திரிக்கு 2019 ஜனவரியில் அடிக்கல் நாட்டினார்கள். அதன் பிறகு வருஷக்கணக்கில் சுற்றுச்சுவரைத் தவிரப் பார்க்க அங்கே பெரிதாக எதுவும் இருக்கவில்லை.

எண்களைப் பாருங்கள். முதலில் போட்ட மதிப்பீடு 1,264 கோடி. பிறகு தொற்றுநோய்ப் பிரிவுக்கான 150 படுக்கைகளும் சேர்ந்து, அது 1,977 கோடியாக ஏறியது. ஏறியது மட்டும் 700 கோடிக்கு மேல், அதாவது ஒரு சந்திரயான்-3ஐவிட அதிகம். பணத்தின் பெரும்பகுதி ஜப்பானிலிருந்து வரும் கடன். நிலாவுக்குப் போகிற ராக்கெட்டை நிறுத்தியிருந்தால் தோப்பூரில் ஒரு செங்கல் முன்னாடியே ஏறியிருக்குமா? ஏறியிருக்காது என்றுதான் நினைக்கிறேன். கடன் ஒப்பந்தம், மதிப்பீடு, டெண்டர் என்று கோப்பு நின்ற இடங்கள் வேறு. ஆஸ்பத்திரிக்காகக் கேட்கிற கேள்வியை அந்த இடங்களில் போய்க் கேட்க வேண்டும். நிலாவைத் திட்டினால் கோபம் வடிந்துவிடும், கேட்க வேண்டியவர்கள் தப்பித்துவிடுவார்கள்.

நான் அரை ஏக்கர் மல்லிகை போட்டிருக்கேன். எனக்கு என்ன பிரயோசனம்?

கேட்டவர் ஒரு அக்கா. மறுநாள் அதிகாலை அவர் தோட்டத்துக்கே போய்ப் பதில் சொல்ல வேண்டியதாயிற்று, ஏனென்றால் எனக்கே முழுசாகத் தெரியவில்லை.

விடிவதற்குள் மொட்டுப் பறித்து மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டுக்கு அனுப்பியாக வேண்டும். விரிந்துவிட்டால் விலை போகாது. மொட்டுப் புழு விழுந்தால் மொட்டில் ஊதா நிறம் ஏறும், வியாபாரி கையில் எடுத்ததும் ஒதுக்கிவிடுவார். அதற்கு மருந்து அடிக்க வேண்டும். மருந்து அடித்து ரெண்டு மணி நேரத்தில் மழை கொட்டினால் அத்தனையும் மண்ணுக்குப் போகும். மருந்து விலை, கைத்தெளிப்பான் தூக்குகிற ஆளின் கூலி, எல்லாம் மறுபடி.

அந்த அக்கா போனை எடுத்துக் காட்டினார். வானிலைத் துறையின் மேகதூத் செயலி, தமிழில். மாவட்டத்துக்கு அடுத்த ஐந்து நாள் மழை, காற்று, ஈரப்பதம், கூடவே என்ன செய்யலாம் என்ற ஆலோசனை. "இன்னிக்கு அடிக்க வேணாம்னு போட்டிருக்கு, நேத்தே பாத்துட்டேன்" என்றார். அந்தத் திரைக்குப் பின்னால் இன்சாட் வகைச் செயற்கைக்கோள்கள் இருக்கின்றன. பூமத்திய ரேகைக்கு மேலே 36,000 கிலோமீட்டர் உயரத்தில் ஒரே இடத்தில் நின்றபடி, அரை மணிக்கு ஒரு தடவை நம் பக்கத்து மேகத்தைப் படம் எடுத்து அனுப்புகின்றன. பகலில் வெளிச்சத்தில், இரவில் வெப்பத்தில். மேகத்தின் உச்சி எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்பதை வைத்து அது எவ்வளவு உயரம் வளர்ந்திருக்கிறது என்று கணிக்கிறார்கள். 2024 பிப்ரவரியில் ஏவிய இன்சாட்-3டிஎஸ் இந்த வரிசையில் வந்ததுதான்.

ஒரு தடவை மருந்து வீணாகாமல் தப்பினால், அந்த வீட்டில் நாலு பேருக்கும் சேர்த்து வருஷத்துக்கு வருகிற 384 ரூபாய்ப் பங்கு அன்றைக்கே திரும்பிவிடும். செயலி எப்போதும் சரியாகச் சொல்வதில்லை. "மழைன்னு போட்டுச்சு, ஒரு தூத்தல் கூட இல்ல" என்ற நாட்களும் அவர் கணக்கில் உண்டு. மாவட்டத்துக்குச் சொல்கிற கணிப்பு ஒவ்வொரு தோட்டத்துக்கும் அப்படியே பொருந்தாது. 2024 அக்டோபர் கடைசியில் செல்லூர்ப் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததே, அந்த மாதிரி திடீரென்று ஒரு இடத்தில் கொட்டுகிற மழையைப் பிடிக்கச் செயற்கைக்கோள் மட்டும் போதாது, மழை மேகத்தைப் பக்கத்திலிருந்தே பார்க்கிற டாப்ளர் ரேடாரும் வேண்டும்.

புயலை முன்னாடியே சொல்லிப்புடுறாகளே, அது ராக்கெட்டாலயா?

பெருமளவு ஆமாம். 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடி போனது. பாம்பனிலிருந்து வந்த பாசஞ்சர் ரயில் பயணிகளோடு கடலுக்குள் போனது. நடுக்கடலில் சுழல்கிற புயலை ராப்பகலாக விடாமல் பார்க்க நமக்குக் கண் இல்லாத காலம் அது.

1999இல் ஒடிசாவைத் தாக்கிய சூப்பர் புயலில் இறந்தவர்கள் பத்தாயிரத்தைத் தொடும். 2013இல் அதே கரைக்கு ஃபைலின் புயல் வந்தபோது சுமார் பத்து லட்சம் பேரை முன்கூட்டியே வெளியேற்றினார்கள். இறப்பு சில பத்துகளோடு நின்றது. புயல் காப்பகம் கட்டியவர்கள், வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டியவர்கள், பஸ் ஓட்டியவர்கள் எல்லோருக்கும் இதில் பங்கு உண்டு. ஆனால் எங்கே, எப்போது என்று தெரியாமல் எந்தக் கதவைத் தட்டுவது?

இதே மூச்சில் ஒக்கி புயலையும் சொல்லியாக வேண்டும். 2017 நவம்பர் கடைசி. கன்னியாகுமரிக்குப் பக்கத்திலேயே உருவாகி, ஒரே நாளில் புயலாக வலுத்தது. ஆழ்கடல் மீனவர்கள் அதற்குப் பல நாள் முன்பே கடலுக்குப் போயிருந்தார்கள். கரையிலிருந்து கொஞ்ச தூரம் தாண்டினால் போனில் டவர் கிடைக்காது. வானத்தில் இருந்த கண் பார்த்தது, கரையில் இருந்தவர்களுக்கும் தெரிந்தது, படகில் இருந்தவருக்குத் தெரியவில்லை. நூற்றுக்கணக்கானவர்கள் திரும்பவில்லை. அதற்குப் பிறகுதான் செயற்கைக்கோள் வழியாகவே படகுக்குச் செய்தி அனுப்பும் கருவிகள் பற்றி வேகமாகப் பேச ஆரம்பித்தார்கள். விசைப்படகுகளில் இப்போது அவை ஏறி வருகின்றன. விண்வெளிக்கு ஏன் செலவு என்று கேட்பவர்களைவிட, அந்தக் கடைசி நூறு கிலோமீட்டருக்கு ஏன் முன்பே செலவழிக்கவில்லை என்று கேட்டவர்கள் எனக்கு அதிகம் நியாயமாகப் பட்டார்கள்.

கரிமேடு மீனுக்கும் ராக்கெட்டுக்கும் சம்பந்தம் உண்டுங்கிறாகளே?

உண்டு. கடலில் நுண்பாசி எங்கே திரள்கிறதோ அங்கே அதைத் தின்னும் சின்ன மீனும், அதைத் தின்னும் பெரிய மீனும் கூடும். பாசி கூடினால் தண்ணீரின் நிறம் லேசாகப் பச்சைக்கு மாறும். 2022 நவம்பரில் ஏவிய ஓசன்சாட்-3 போன்றவை அந்த நிறத்தைப் பார்க்கின்றன, கடல்மேற்பரப்பின் வெப்பத்தையும் அளக்கிறார்கள். ரெண்டையும் வைத்து ஐதராபாத்திலுள்ள இன்காய்ஸ் நிறுவனம், எந்தத் திசையில் எவ்வளவு தூரத்தில் மீன் கிடைக்க வாய்ப்பு என்று மீனவர்களுக்குச் சொல்கிறது. தேடி அலைகிற டீசல் மிச்சம். மேகம் மூடியிருந்தால் நிறம் தெரியாது, ஏப்ரல் 15இல் தொடங்கும் 61 நாள் தடைக்காலத்தில் அறிவிப்பும் வராது.

போன்ல வர்ற மேப் அமெரிக்காக்காரன் செயற்கைக்கோள்தானே? நம்மளுக்கு எதுக்குத் தனியா?

நல்ல கேள்வி. கேட்டது ஒன்பதாம் வகுப்புப் பையன்.

ஜிபிஎஸ் அமெரிக்க ராணுவம் செய்தது, இன்றும் அவர்கள் கையில்தான் இருக்கிறது. அதில் நடப்பது நேரம் பார்க்கிற வேலை. சுமார் 20,000 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஒவ்வொரு செயற்கைக்கோளிலும் ஒரு அணுக் கடிகாரம். "இப்போது மணி இத்தனை" என்று அது சொல்லிக்கொண்டே இருக்கும். அந்தக் குரல் போனுக்கு வந்து சேர எடுத்த நேரத்தை வைத்து, எவ்வளவு தூரம் என்று போன் கணக்குப் போடும். நாலு செயற்கைக்கோளின் குரல் கிடைத்தால் இடம் தெரிந்துவிடும். அங்கே ஈர்ப்பு குறைவு, அது கடிகாரத்தை முந்த வைக்கும்; ஓடுகிற வேகம் அதிகம், அது கொஞ்சம் பிந்த வைக்கும். ரெண்டையும் கழித்துப் பார்த்தால் அந்தக் கடிகாரம் நம் கடிகாரத்தைவிட ஒரு நாளைக்கு 38 மைக்ரோ நொடி முந்தும். ஐன்ஸ்டைன் சொன்ன கணக்குப்படி அதைத் திருத்தாவிட்டால் ஒரே நாளில் பத்து கிலோமீட்டர் பிசகும். மாட்டுத்தாவணியில் நிற்கிறவரைத் திருப்பரங்குன்றத்தில் நிற்பதாக மேப் காட்டும். சார்பியல் தத்துவத்தால் சாமானியனுக்கு என்ன பயன் என்று எங்கள் கல்லூரிக் காலத்தில் கேட்டுச் சிரிப்போம். இப்போது ஆட்டோ அண்ணன் கையில் அது இருக்கிறது.

அழகர் ஆற்றில் இறங்குகிற அன்றைக்குக் கோரிப்பாளையம் பக்கம் மேப்பைத் திறந்து பாருங்கள். சாலை முழுக்கச் சிவப்பு. நம் பைகளில் இருக்கிற ஆயிரக்கணக்கான போன்கள் "நான் நகரவே இல்லை" என்று சொல்வதால் வருகிற சிவப்பு அது.

நமக்கென்று தனியாக எதற்கு? அடுத்தவர் வீட்டுக் கிணற்றில் தண்ணீர் எடுக்கலாம், கதவைச் சாத்தினால் என்ன செய்வது? அதற்காகத்தான் ஜிபிஎஸ் மாதிரி நம் நாடே செய்த நாவிக். ஏழு செயற்கைக்கோள் திட்டம். இதில் பெருமை பேச இன்னும் நேரம் வரவில்லை என்பதையும் சொல்கிறேன். முதல் தொகுதியில் வெளிநாட்டில் வாங்கிய அணுக் கடிகாரங்கள் பழுதாயின. 2023 மே மாதம் போன புதிய நாவிக் செயற்கைக்கோளான என்விஎஸ்-01இல் நாமே செய்த கடிகாரம் இருக்கிறது. 2025 ஜனவரியில் போன என்விஎஸ்-02 போக வேண்டிய பாதைக்குப் போய்ச் சேரவில்லை.

மழை பெஞ்சா டிவி நின்னுபோகுதே, அதுக்கும் செயற்கைக்கோள்தான் காரணமா?

காரணம் மழைத்துளி. டிஷ்ஷுக்கு வருகிற அலையின் நீளம் ரெண்டு, ரெண்டரை சென்டிமீட்டர்தான். கனமழை அதை வழியிலேயே விழுங்கிவிடும். புயல் செய்தி பார்க்கலாம் என்று உட்காரும்போது சரியாக "சிக்னல் இல்லை" என்று வருவது அதனால்தான். பழைய டிரான்சிஸ்டர் ரேடியோவைத் தூக்கிப் போடாதீர்கள்.

கொள்ளிக்கட்டு முதல் கண் ஆபரேஷன் வரை எல்லாம் நாசா கண்டுபிடிச்சதுன்னு வாட்சப்ல வருதே, நெசமா?

பாதி பொய். ஒட்டாத தவாவில் பூசுகிற டெஃப்லான் 1938இல், நாசா பிறப்பதற்கு இருபது வருஷம் முன்பே வந்தது. செருப்பில் பர்ரென்று பிரிக்கிற வெல்க்ரோ ஒரு சுவிஸ் பொறியாளருடையது. கொள்ளிக்கட்டு என்ன என்று எனக்கு அந்தத் தகவலை அனுப்பிய தாத்தாவுக்கே தெரியவில்லை.

கண் விஷயம் சுவையானது. அரவிந்த் கண் மருத்துவமனை 1976இல் 11 படுக்கையோடு ஆரம்பித்த ஊர் இது, அதனால் கண்ணைப் பற்றிய பேச்சு என்றால் இங்கே எல்லோரும் காது கொடுப்பார்கள். கண்ணாடி வேண்டாமல் செய்கிற லேசர் சிகிச்சைக்கு அடிப்படையைக் கண்டவர்களில் முக்கியமானவர் சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்த ரங்கசாமி சீனிவாசன். 1981இல் அமெரிக்காவில் ஐபிஎம் ஆய்வகத்தில், விருந்தில் மீந்த வான்கோழி இறைச்சியில் புறஊதா லேசரைப் பாய்ச்சிப் பார்த்தார்கள். சுற்றியிருக்கிற தசை கருகாமல், வெட்டு மட்டும் சுத்தமாக விழுந்தது. இதில் ராக்கெட் எங்கே? பின்னால் வந்தது. சிகிச்சையின்போது கண் அசைந்தால் லேசரும் கூடவே அசைய ஒரு கருவி வேண்டும். விண்கலங்களை ஒன்றோடொன்று இணைக்கச் செய்த தொழில்நுட்பம் அதற்கு உதவியது.

உங்கள் போன் கேமராவில் இருக்கிற சென்சார் வகை மட்டும் சந்தேகமில்லாமல் அங்கிருந்து வந்தது. 1990களின் தொடக்கத்தில் விண்கலத்துக்குச் சின்னதாக, மின்சாரம் குறைவாக இழுக்கிற கேமரா வேண்டும் என்று நாசாவின் ஆய்வகத்தில் எரிக் ஃபாஸம் குழு செய்தது.

கலாம் ஐயா பெயரில் சொல்லப்படும் எடை குறைந்த காலிப்பரைப் பலர் இஸ்ரோ கணக்கில் எழுதுகிறார்கள். போலியோ பாதித்த பிள்ளைகள் மூன்று, நாலு கிலோவைக் காலில் கட்டி நடந்த காலத்தில், அதைச் சில நூறு கிராமுக்குக் கொண்டுவந்தது ஏவுகணைக்காகச் செய்த பொருள். ராணுவ ஆய்வுத் துறைக்குச் சேர வேண்டிய பெயர் அது.

எனக்குப் பிடித்த உதாரணம் ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் இருக்கிறது. 2016இல் வந்த 648 மெகாவாட் சூரிய மின் நிலையம், இருபத்தைந்து லட்சம் பலகைகள். சிலிக்கான் சூரிய மின்கலம் 1954இல் அமெரிக்காவில் பெல் ஆய்வகத்தில் பிறந்தபோது அதன் விலைக்கு வாங்க ஆளில்லை. 1958இல் வான்கார்டு-1 என்ற பம்பளிமாஸ் பழ அளவுச் செயற்கைக்கோள் அதை மாட்டிக்கொண்டு போனது. அங்கே கம்பி இழுக்க முடியாது, பேட்டரி சில வாரத்தில் செத்துவிடும், எனவே விலை பார்க்காமல் வாங்கினார்கள். யாரும் வாங்காத பொருளுக்கு முதல் வாடிக்கையாளராக நின்றது விண்வெளிதான். இன்றைக்கு நம்ம ஊர் மொட்டைமாடிகளில் அதே பலகையின் நிழலில் துணி காயப்போடுகிறார்கள்.

எங்க கண்மாயை ஆக்கிரமிச்சதைச் செயற்கைக்கோள்ல பாக்கலாமா?

பார்க்கலாம். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் ரெண்டு பேர் செய்தே காட்டினார்கள். கூகுள் எர்த்தில் பழைய வருஷப் படங்களை ஒவ்வொன்றாக நகர்த்தினால், கண்மாய்க் கரை, மடை, கலுங்கு எல்லாம் அப்படியே இருக்க, தண்ணீர் கொண்டுவருகிற வரத்துக்கால் மட்டும் வருஷத்துக்கு வருஷம் மெலிந்துகொண்டே வருவது தெரிந்தது. ஒரு வருஷப் படத்தில் அதன் மேல் வெள்ளைக் கோடுகள், வீட்டுமனைக்குக் கல் நட்டது. அடுத்த படத்தில் கால்வாயே இல்லை. மேலே வயலாக இருந்த காலத்தில் மாடு மேய்த்த தாத்தா, திரையில் விரல் வைத்து, "இந்தா, இந்தப் புளியமரத்துக்கிட்டதான் தண்ணி திரும்பும்" என்றார். மரம் படத்தில் இன்னும் இருந்தது.

படங்களை அச்செடுத்து, கிராம வரைபடத்தோடு சேர்த்துத் திங்கட்கிழமை மனு கொடுத்தோம். ஒன்றரை வருஷம் ஆகிறது. ரசீது பத்திரமாக இருக்கிறது.

2025 ஜூலை 30இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன நிசார், இஸ்ரோவும் நாசாவும் சேர்ந்து செய்தது, ரேடாரால் பார்க்கிறது. மேகம் தடையில்லை, இருட்டும் தடையில்லை, பன்னிரண்டு நாளுக்கு ஒரு தடவை அதே இடத்துக்கு வரும். மண்ணின் ஈரம், பயிர், நீர்பரப்பு, நிலம் சில சென்டிமீட்டர் தாழ்ந்தால் அதுவும் தெரியும். கண்மாய் நிறைகிறதா, சுருங்குகிறதா என்பதை இனி யாரும் "எங்களுக்குத் தெரியாது" என்று சொல்ல முடியாது. தெரிந்தும் சும்மா இருக்கலாம், அதற்கு ராக்கெட்டில் மருந்தில்லை.

பசியில கெடக்கிற சனத்துக்கு வானத்தைப் பாத்து என்ன ஆகப்போகுது?

கேட்டவர் எண்பதைத் தாண்டிய அப்பத்தா. நான் மேற்கே கையைக் காட்டினேன். பகலில், காற்று தெளிவாக இருக்கிற நாளில், கொடைக்கானல் மலை அந்தப் பக்கம் தெரியும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் மதராஸ் மாகாணம் அடுத்தடுத்துப் பஞ்சம் கண்டது. தாது வருஷப் பஞ்சம் என்று பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்போம், 1876இல் தொடங்கியது. மழை ஏன் பொய்க்கிறது? சூரியனில் கரும்புள்ளிகள் பதினோரு வருஷத்துக்கு ஒரு முறை கூடிக் குறைகின்றனவே, அதற்கும் மழைக்கும் தொடர்பு இருக்குமோ? அந்தக் கேள்விக்கு விடை தேடுவதும் ஒரு காரணமாகத்தான் 1899இல் கொடைக்கானலில் சூரிய ஆய்வகம் வந்தது. பசி இருந்ததால்தான் அப்பத்தா, வானத்தைப் பார்க்கவே ஆரம்பித்தார்கள்.

விடை கிடைத்ததா? அவர்கள் நினைத்தபடி கிடைக்கவில்லை. கரும்புள்ளியை எண்ணி மழையைச் சொல்ல முடியவில்லை. 1909இல் அங்கே ஜான் எவர்ஷெட், கரும்புள்ளியின் ஓரத்தில் வாயு வெளிப்பக்கமாகப் பாய்வதைக் கண்டுபிடித்தார். இன்றும் அதற்கு அவர் பெயர்தான். மழையின் துப்பு வேறு பக்கம் கிடைத்தது. இந்திய வானிலைத் துறைக்குத் தலைவராக இருந்த கில்பர்ட் வாக்கர், பருவமழை பொய்ப்பதற்குக் காரணம் தேடி உலகம் முழுக்க உள்ள காற்றழுத்தக் கணக்குகளைப் புரட்டினார். பசிபிக் கடலில் ஒரு பக்கம் அழுத்தம் ஏறினால் நம் பக்கத்தில் இறங்குகிற ஊசலாட்டத்தைக் கண்டார். பசிபிக் கடல் சூடாவதை எல் நினோ என்று செய்தியில் கேட்கிறோமே, அதன் மறுபாதி அது. அந்தக் கடலின் வெப்பத்தை இன்று தினமும் அளப்பதில் செயற்கைக்கோள்களுக்குப் பெரிய பங்கு. நமக்கு முக்கியமான வடகிழக்குப் பருவமழை, எல் நினோ வருஷங்களில் பெரும்பாலும் கைகொடுப்பதும் இப்படித்தான் தெரியவந்தது.

கொடைக்கானலில் 1904 முதல் சூரியனைப் படம் எடுத்து வைத்த கண்ணாடித் தட்டுகள் இருக்கின்றன. நூறு வருஷத்துக்கு மேல் ஒரே இடத்தில் எடுத்த படங்கள் உலகத்தில் அபூர்வம். 1989 மார்ச்சில் சூரியப் புயல் ஒன்று கனடாவின் கியூபெக்கில் மின்சாரத்தையே அணைத்தது. சூரியனைக் கவனித்து, அதைப் போன்றதை முன்கூட்டிச் சொல்ல உதவத்தான் 2023 செப்டம்பரில் ஆதித்யா-எல்1 விண்கலம் போனது. அதன் திட்ட இயக்குநர் நிகர் ஷாஜி, செங்கோட்டைக்காரர்.

அப்பத்தா முழுசாகக் கேட்டுவிட்டு, "அப்ப மழை எப்ப வரும்?" என்றார்.

மனுசனை எதுக்கு அனுப்பணும்? மிசினு போதாதா?

இந்தக் கேள்வியில் நான் கேட்பவர் பக்கம் சாய்கிறேன். மேகம் பார்ப்பது, மீன் பார்ப்பது, கண்மாய் பார்ப்பது எல்லாம் மிஷின்தான் செய்கிறது. சந்திரயான், ஆதித்யா மாதிரி அறிவியல் பயணங்களில் செலவு குறைவு, அறிவு அதிகம், எனக்கு அதில் தயக்கம் இல்லை. முதல் சந்திரயானில் போன கருவிதான் நிலாவின் மண்ணில் நீர் மூலக்கூறு இருப்பதை உறுதியாகக் காட்டியது.

மனிதரை அனுப்பும் ககன்யான் திட்டத்துக்கு முதலில் சுமார் பத்தாயிரம் கோடி. 2024இல் விண்வெளி நிலையத்துக்கான தொடக்க வேலைகளையும் சேர்த்து 20,193 கோடியாக உயர்த்தினார்கள். 2025 ஜூன், ஜூலையில் சுபான்சு சுக்லா சர்வதேச விண்வெளி நிலையம் போய்வந்ததற்குச் சுமார் 550 கோடி, கிட்டத்தட்ட ஒரு சந்திரயான். பிள்ளைகள் அவரைப் பார்த்து வாயைப் பிளந்ததை நானும் பார்த்தேன், அதற்கு விலை போட எனக்குத் தெரியாது. ஆனாலும் அந்தக் காசுக்குப் படகுக் கருவியும் ரேடாரும் எத்தனை வாங்கலாம் என்று மனசு கணக்குப் போடுகிறது. எனக்கு இன்னும் முழுசாக ஒப்பவில்லை.

ராக்கெட்டு விழுந்தா காசு போச்சுதானே?

அந்த ராக்கெட்டின் காசு போனதுதான். கலாம் தலைமையில் 1979 ஆகஸ்டில் ஏவிய முதல் எஸ்எல்வி-3 வங்கக் கடலில் விழுந்தது. அடுத்த வருஷம் ஜூலையில் அதே வகை ராக்கெட் போய்ச் சேர்ந்தது. 2019இல் சந்திரயான்-2இன் இறங்கு கலம் நிலாவில் மோதியது, ஆனால் சுற்றுக் கலம் நிலைத்தது. அது எடுத்த படங்களை வைத்துத்தான் சந்திரயான்-3 இறங்க இடம் பார்த்தார்கள். 2025 மே மாதம், நம்பகமானது என்று பெயரெடுத்த பிஎஸ்எல்வி ராக்கெட்டே ஒரு செயற்கைக்கோளோடு தோற்றது. விழுவது தப்பில்லை. ஏன் விழுந்தது என்ற அறிக்கை முழுசாக மக்கள் முன்னால் வர வேண்டும், காசு நம்முடையது.

எம் பொண்ணுக்கு அங்க வேலை கிடைக்குமா?

கிடைக்கலாம், ஆனால் இடம் குறைவு, போட்டி அதிகம். பொறியியல் மட்டும்தான் வழி என்று நினைக்க வேண்டாம், ஐடிஐ படித்த ஃபிட்டர், எலக்ட்ரீஷியன், டர்னருக்கும் தேர்வு நடத்தி எடுக்கிறார்கள். திருநெல்வேலி மாவட்டம் மகேந்திரகிரியில் எஞ்சின் சோதனை நடக்கிறது. குலசேகரப்பட்டினத்தில் சின்ன ராக்கெட்டுகளுக்கான ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். மதுரையிலிருந்து பஸ் ஏறினால் மத்தியானத்துக்குள் போய்ச் சேருகிற தூரம்.

வெறுங்கண்ணால பாக்க ஏதாச்சும் இருக்கா?

சர்வதேச விண்வெளி நிலையம். 400 கிலோமீட்டர் உயரத்தில், ஒன்றரை மணிக்கு ஒரு முறை பூமியைச் சுற்றுகிறது. நம் ஊருக்கு மேலே வருகிற நேரத்தை நாசாவின் 'ஸ்பாட் தி ஸ்டேஷன்' செயலி சொல்லும். விடிவதற்கு முன்னும், பொழுது இறங்கிய கொஞ்ச நேரத்துக்கும்தான் தெரியும். நமக்கு இருட்டாக இருக்க வேண்டும், அதன் மேல் வெயில் பட வேண்டும். போன மாதம் தொலைநோக்கிக்கு வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் அண்ணாந்து நின்றோம். ஒரு பெரிய நட்சத்திரம் சத்தமே இல்லாமல் யானைமலைக்கு மேலே ஏறி, தலைக்கு மேலே வந்து, பூமியின் நிழலுக்குள் நுழைந்ததும் அணைந்துபோனது. நாலு நிமிஷம் இருக்கும். விளக்கு மினுக்கினால் அது விமானம், மினுக்காமல் போனால் இதுதான்.